மாத்திரைக்கு முன்னால் ஒரு நோட்டு

நான் ஒரு பல்கலைக்கழகச் சுகாதார மையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் வருவார். மீதி நேரமெல்லாம் நானும் பார்மசிஸ்ட் அண்ணனும் ஒரு பழைய பி.பி. மெஷினும்தான். காய்ச்சல், சளி, ஷட்டில் ஆடிப் பிசகிய கணுக்கால், மெஸ் குருமா செய்த கைங்கரியம் என்று வருகிறவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்கு மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு கூட்டம் வரும். தலை கனக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை என்பார்கள். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் ஓ.பி. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் அதே பெயர் அதே கிழமையில், கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு வந்திருக்கும். செவ்வாய் பதினொன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர்களுக்கு லேப்.

"லேப்ல என்னம்மா?"

"ஒண்ணுமில்லை சிஸ்டர்."

பல்ஸ் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் வரும். "டைட்ரேஷன் அப்போ பியூரெட்டை (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) என் கையில தரமாட்டாங்க. நீ ரீடிங் மட்டும் எழுதிக்கோன்னு சொல்லிடுவாங்க. மேடம் பார்ப்பாங்க, ஆனா ஒண்ணும் கேட்க மாட்டாங்க. ஒருநாள் 'கோட்டாவுல வந்தா இப்படித்தான்'னு பின்னாடி யாரோ சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

இந்தக் குறிப்புகள், பாகுபாட்டால் உடம்பு கெடுகிற அந்தப் பிள்ளைக்கும் அவளைப் போன்றவர்களுக்கும். சாதியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன், என் மேசைக்கு அதிகம் வருவது அதுதான். தமிழ் மீடியம் என்று சிரிக்கப்படுகிறவர்கள், மதத்தால் ரூம் கிடைக்காதவர்கள், நிறத்தையோ நடையையோ வைத்துப் பட்டப்பெயர் சுமக்கிறவர்கள் எல்லாருக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லா வலிக்கும் பாகுபாடுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், ஹீமோகுளோபின், தைராய்டு, கண் பவர் எல்லாம் பார்க்கச் சொன்னால் பாருங்கள். பெண் பிள்ளைகளில் பாதிக் களைப்பு ரத்தசோகையாக இருந்து தொலைக்கும். அதெல்லாம் பார்த்தும் வலி போகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது

"மனசுலதான் இருக்கு, நீயா நினைச்சுக்கிறே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலு பேர் முன்னால் அவமானப்படும்போது உடம்பு அடிவிழப்போவதாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் என்ற சுரப்பு ஏறுகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது, செரிமானம் மந்தமாகிறது. கூடவே கார்ட்டிசோல் என்ற சுரப்பும் ஏறுகிறது. எப்போதாவது ஒருமுறை என்றால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் இறங்கி, உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். வாராவாரம் நடந்தால் இறங்க நேரமே கிடைப்பதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், சம்பவம் நடக்கக்கூட வேண்டாம், "இன்னைக்கு என்ன சொல்லப்போறாங்களோ" என்ற எதிர்பார்ப்பே போதும். திங்கள் ராத்திரியே தூக்கம் கெடுவது அதனால்தான்.

1997-ல் அமெரிக்காவில் டேவிட் வில்லியம்ஸ் என்ற சமூகவியல் அறிஞரும் அவருடைய குழுவும் அன்றாடப் பாகுபாட்டை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்தினார்கள். அடி உதை பற்றிய கேள்விகள் அல்ல. மற்றவர்களைவிட உங்களை மரியாதைக் குறைவாக நடத்துகிறார்களா, உங்களுக்கு மூளை இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறார்களா, உங்களை நேர்மையற்றவர் என்பதுபோல் பார்க்கிறார்களா, இப்படிச் சில்லறை விஷயங்கள். அந்தச் சில்லறைதான் சேர்ந்து பெரிய தொகையாகிறது. 2009-ல் 134 ஆய்வு மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, பாகுபாட்டை அனுபவிப்பதாகச் சொன்னவர்களுக்கு மனநலமும் உடல்நலமும் இரண்டுமே மோசமாக இருப்பதையும், நல்ல பழக்கங்கள் குறைந்து கெட்ட பழக்கங்கள் கூடுவதையும் காட்டியது.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் போட்டார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை இறங்கிவிட்டது. அதே பையன்கள், அதே மூளை. வகுப்பில் ஆபீஸ் கிளார்க் வந்து "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று லிஸ்ட் வாசிக்கும்போது நடப்பதும் இதுதான். அன்று மதியம் டெஸ்ட் இருந்தால் மார்க் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். போனில் எழுதலாம், ஆனால் போன் தொலையும், ரூம்மேட் கையில் கிடைக்கும். கையால் எழுதுங்கள், எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வளாகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அக்கா, மாமா, பழைய டீச்சர், யாராவது.

எழுதவேண்டியது இவ்வளவுதான்: தேதி, மணி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார், உடம்பு என்ன செய்தது, அதற்கப்புறம் சாப்பிட்டீர்களா, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள். ஒரு மாதிரி தருகிறேன்:

"14, செவ்வாய், காலை 11.10. வேதியியல் லேப், ஜன்னலோர மேசை. 'நீ தொடாதே, ரீடிங் மட்டும் எழுது' என்றவர் என் பேட்ச் மாணவர் (பெயர்). பக்கத்தில் இன்னும் இருவர் (பெயர்கள்). மேடம் அடுத்த மேசையில். வயிறு பிசைந்தது, கை வேர்த்தது, 12 மணி வரை. மதியம் மெஸ்ஸுக்குப் போகவில்லை. ராத்திரி 2.30-க்குத் தூக்கம்."

இப்படி எழுதக்கூடாது: "இன்னைக்கும் அதேதான். எல்லாரும் அப்படித்தான். வாழ்க்கையே வெறுத்துப்போச்சு." இது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது, விசாரணைக் கமிட்டியும் ஒன்றும் செய்ய முடியாது. முதல் மாதிரி இரண்டு இடத்திலும் செல்லும். டாக்டர் அதைப் பார்த்ததும் வலி எப்போது வருகிறது என்று பிடித்துவிடுவார். புகார் கொடுக்கும் நாள் வந்தால், பாதி மனு அதிலேயே எழுதியாயிற்று. "ஞாபகம் இல்லையே சிஸ்டர், எப்பவும் சொல்லுவாங்க" என்று வந்து நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் கமிட்டியில் சிரமம்.

மனசில் இருப்பதைக் கொட்ட வேண்டுமா, அதற்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை, தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றித் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். எழுதிய அன்று மனம் இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் சுகாதார மையத்துக்கு வந்தது குறைந்தது. எனக்கு வேலை குறையும் என்பதால் மட்டும் சொல்லவில்லை. இலக்கணம் பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டாதீர்கள், எழுதி முடித்துக் கிழித்துப் போட்டாலும் சரி. எழுத எழுத மூச்சு முட்டினால் நிறுத்திவிடுங்கள், அது உங்களுக்கான வழி இல்லை.

சாப்பாடும் தூக்கமும்

பாகுபாடு முதலில் கைவைக்கும் இடம் மெஸ். தட்டோடு போய் ஒரு டேபிளில் உட்கார்ந்ததும் எதிரில் இருப்பவர் எழுந்துபோனால், அடுத்த நாள் அந்த மெஸ்ஸுக்குப் போகக் கால் வராது. காலைச் சாப்பாடு முதலில் போகும். பத்து மணிக்கு டீயும் பன்னும். மதியம் கூட்டம் கலைந்த பிறகு போனால் குழம்பில் காய் இருக்காது. இப்படி இரண்டு மாதம் போனால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? என்னிடம் வந்து "பான்டாப் கொடுங்க சிஸ்டர்" என்று வயிற்றெரிச்சல் மாத்திரை கேட்பார்கள். கொடுப்பேன், ஆனால் அந்த மாத்திரை மெஸ் டேபிளைச் சரிசெய்யாது.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள். மெஸ் திறந்த முதல் கால் மணி நேரத்தில் கூட்டம் இருக்காது, இட்லியும் சூடாக இருக்கும். ஒரே ஒருவரோடு பேசி வைத்துக்கொண்டு தினமும் சேர்ந்து போங்கள். வேறு டிபார்ட்மென்ட் ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. ரூமில் வேர்க்கடலை, கடலை மிட்டாய், வாழைப்பழம் இருக்கட்டும். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடவே கூடாது. இன்னொன்றும் உண்டு. மாதத்தில் பாதி நாள் தலைவலி மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அந்த அளவுக்குப் போயிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு நான் சொல்வது எல்லாரும் சொல்வதுதான். எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாதீர்கள், நாலு மணிக்கு மேல் டீ காபி வேண்டாம், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை ராத்திரி மியூட்டில் போடுங்கள். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. பகலில் வாயால் சொல்ல முடியாததை ராத்திரி பதினொரு மணிக்கு மீமாகப் போடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு நோட்டில் குறித்துவிட்டுப் படுங்கள். உடனே பதில் எழுத வேண்டாம்.

அப்புறம் சனிக்கிழமை. பையன்கள் விடுதியிலிருந்து ஒரு தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்: "தண்ணி அடிக்கிறப்போ மட்டும்தான் சிஸ்டர் என்னை மச்சான்னு கூப்பிடுவாங்க." அவனுக்குக் குடி பிடிக்காது. மச்சான் என்று கூப்பிடுவது பிடிக்கும். இதைக் கேட்ட பிறகு எனக்கு "குடிக்காதே" என்று அறிவுரை சொல்ல வாய் வரவில்லை. சேர்த்துக்கொள்ளப்பட வேறு ஒரு இடம் தேடித் தருவதுதான் அங்கே வைத்தியம். அவன் கபடி ஆடுவான், ஊரில் நன்றாகவே ஆடியவன், இங்கே டீமுக்குக்கூடப் பெயர் கொடுக்கவில்லை. உங்கள் விஷயத்தில் அது நாடகக் குழுவாக இருக்கலாம், என்.எஸ்.எஸ். ஆக இருக்கலாம், வாசகர் வட்டமாக இருக்கலாம். எங்கே உங்கள் பெயரைவிட உங்கள் வேலை முதலில் தெரியுமோ அங்கே போங்கள். குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறதே என்பவர்களுக்கு ஒரு தகவல்: முன்தூக்கம் சீக்கிரம் வரும், விடியற்காலைத் தூக்கம் உடைந்துபோகும். உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குடிக்கிற பிள்ளையைவிட நான் அதிகம் கவலைப்படுவது முதல் மார்க் வாங்கும் பிள்ளையைப் பற்றி. "நான் யாருன்னு காட்டுறேன்" என்று இரண்டு மணி வரை படித்து, ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு நாள் லீவு போடாமல் ஓடுகிற பிள்ளை. யாரும் அவளைப் பார்த்துக் கவலைப்பட மாட்டார்கள், கைதட்டுவார்கள். ஷெர்மன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கறுப்பின மக்களிடம் இதைப் பார்த்தார். வசதியும் ஆதரவும் குறைவாக இருந்துகொண்டு, எல்லாவற்றையும் உழைத்தே ஜெயிப்பேன் என்று மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. படிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பி.பி. பார்த்துவிட்டுப் போங்கள், இருபது வயதுதானே என்று விடாதீர்கள். வாரத்தில் அரை நாள் யாருக்கும் எதையும் நிரூபிக்காமல் இருங்கள்.

அந்த நிமிடத்தில் என்ன செய்வது

பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது, வாயடைத்துப் போகும். அது உங்கள் கோழைத்தனம் இல்லை. மேலே சொன்ன அட்ரினலின் செய்கிற வேலை. இருந்தாலும் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம்: "புரியலை, என்ன சொன்னீங்க?" குரலை உயர்த்தாமல் இதைக் கேட்டால் பாதிப் பேர் "சும்மா" என்று பின்வாங்குவார்கள். மீதிப் பேர் திரும்பச் சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் காதில் தெளிவாக விழும். இரண்டுமே உங்களுக்கு லாபம்.

"எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா? அப்பா என்ன பண்றார்?" என்று நூல் பிடித்துக்கொண்டே போகிறவர்களுக்கு முழுப் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு "நீங்க எந்த ஊர்?" என்று திருப்பி விடுங்கள். சொல்லிக்கொள்ள விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள், ஒளிப்பதும் உடம்பைத் தின்னும். எப்போது, யாரிடம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மனு

இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதைத் தெரிந்துவைக்காமல் இந்த வேலையைப் பார்க்க முடிவதில்லை.

ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கப் பேராசிரியர் தகுதிக்குக் குறையாத ஒரு அலுவலரும் இருக்கவேண்டும் என்று 2012-ல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி போட்டது. புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு உண்டு. எதெல்லாம் பாகுபாடு என்று அந்த விதி பட்டியலே போட்டிருக்கிறது: வகுப்பில் சாதியைச் சொல்லி அறிவிப்பது, இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவது, மார்க் குறைந்ததற்குச் சாதியைக் காரணம் காட்டிப் பேசுவது, ஆசிரியரைச் சந்திக்க மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் தருவது, விடுதி மெஸ்ஸில் பிரித்து உட்கார வைப்பது. லேபில் வேலை செய்ய விடாமல் சும்மா நிற்க வைப்பதும் அதில் இருக்கிறது. பியூரெட் தராதது 'சின்ன விஷயம்' என்று யாராவது சொன்னால், அது பட்டியலில் உள்ள விஷயம் என்று சொல்லுங்கள்.

செய்பவர் சக மாணவர் என்றால் இன்னும் வேகமான வழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ராகிங் தடுப்பு விதிகளை யு.ஜி.சி. 2016-ல் திருத்தியது. சாதி, மதம், நிறம், பாலினம், தோற்றம், பேசும் மொழி, பிறந்த இடம், பொருளாதாரப் பின்னணி இவற்றை வைத்து ஒரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான். சீனியர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. இலவச எண் 1800-180-5522. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்து சட்டமே கொண்டுவந்தது. ராகிங் என்ற வார்த்தைக்கு நிர்வாகம் பயப்படும். சாதி என்ற வார்த்தைக்கு மழுப்பும். இது என் அனுபவம்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நோட்டிலிருந்து மூன்று சம்பவங்களைத் தேதியோடு எடுத்து எழுதுங்கள், வார்த்தைகளை மாற்றாமல். உங்கள் கருத்து ஒரு வரிகூட வேண்டாம். கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: "என்னை வேறு பேட்சுக்கு மாற்றவும். நான் செய்ய முடியாமல் போன சோதனைகளைச் செய்ய நேரம் ஒதுக்கவும். ஸ்காலர்ஷிப் விவரங்களை வகுப்பில் வாசிக்காமல் பதிவு எண் வழியாகத் தெரிவிக்கவும்." தண்டனை கேட்பதைவிட இப்படிக் கேட்பது சீக்கிரம் நடக்கும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியும் சீலும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2019-ல் மும்பையில் உயிரை மாய்த்துக்கொண்ட பழங்குடிச் சமூகத்து மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தட்வியின் தாய், அதற்கு முன்பே புகார் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். அந்தத் தாயும், 2016-ல் ஹைதராபாத்தில் இறந்த ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் தாயும் சேர்ந்து, வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி அதே 2019-ல் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

மார்க்கில் சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். திருத்திய விடைத்தாளை எழுதியவரே பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லிவிட்டது.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போலீஸுக்கும் போகலாம். பலர் பார்க்கும்படியான இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டியதாக இருக்கவேண்டும், அதனால்தான் பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதச் சொன்னேன். 14566 என்பது இதற்கான தேசிய உதவி எண். இலவச வக்கீலுக்கு 15100. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்தப் படியை எடுத்துவைக்கும் முன் ஒருமுறை தெரிந்த வக்கீலோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். வழக்கு நீளும், படிப்பும் கூடவே ஓட வேண்டும்.

ரூம்மேட்டுக்கு

உங்கள் ரூமில் இப்படி ஒருவர் இருந்தால், "எல்லாருக்கும் நடக்கிறதுதான், விடு" என்று சொல்லாதீர்கள். "நீ ரொம்ப சென்சிடிவ்" என்பதும் வேண்டாம். "நான் பார்த்தேன், அவன் சொன்னது தப்பு" என்ற நாலு வார்த்தை எந்த மாத்திரையும் செய்யாததைச் செய்யும். அதையே சாட்சியாக எழுதிக் கையெழுத்துப் போடவும் தயாராக இருந்தால் இன்னும் நல்லது. லேபில் அந்தப் பியூரெட்டை எடுத்து அவள் கையில் கொடுக்க உங்களால் முடியும். அதற்குக் கமிட்டி தேவையில்லை.

இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, குளிப்பதில்லை, பேச்சு நின்றுவிட்டது, தன் பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறார், "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார் என்றால் தாமதிக்க வேண்டாம். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியாக விடாதீர்கள், எங்கள் மையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டி வாருங்கள். டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் சினேகா அமைப்பு, 044-24640050. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. டாக்டரிடம் சொன்னது துறைத்தலைவர் காதுக்குப் போகாது, ரகசியம் காப்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

வீட்டில்

வீட்டில் சொல்வதுதான் பல பிள்ளைகளுக்குக் கடைசிக் கஷ்டம். "கஷ்டப்பட்டு அனுப்பியிருக்காங்க, இதைச் சொன்னா திரும்பி வந்துடுன்னு சொல்லிடுவாங்க" என்று பயம். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் இரண்டு மடங்கு. போனில், அதுவும் அழுதுகொண்டு சொல்ல வேண்டாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். அம்மாவோ அப்பாவோ, யார் சீக்கிரம் கலங்காதவரோ அவரிடம் முதலில், சாப்பிட்ட பிறகு, நடந்ததையும் நீங்கள் எடுத்துள்ள நடவடிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மனு கொடுத்திருக்கேன், இந்தத் தேதிக்குள்ள பதில் வரும், அதுவரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை நீங்க போன் பண்ணுங்க" என்று அவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். வேலை கிடைத்த அப்பாக்கள் "திரும்பி வந்துடு" என்று சொல்வது குறைவு.

ஊருக்குப் பஸ் ஏறும் முன் சுகாதார மையத்தில் உங்கள் ஓ.பி. பதிவின் நகலைக் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எனவே வியாழனுக்கு டிக்கெட் என்றால் திங்களே வந்துவிடுங்கள்.